நீரிழிவும் விருந்தும்: நூறாண்டு விவாதம் ஒரு மீள்பார்வை

பந்தியில் இலை போட்டு அழைக்கும்போது நீரிழிவு உள்ளவர் என்ன செய்வது? இந்தக் கேள்விக்கு மருத்துவம் நூறாண்டுக்கு மேலாகப் பதில் சொல்லிவருகிறது. விருந்தைத் தவிர்க்கச் சொன்னது. பிறகு அளந்து சாப்பிடச் சொன்னது. பிறகு சாப்பாட்டுக்கு ஏற்ப ஊசியைக் கூட்டிக் குறைக்கச் சொன்னது. இப்போது உங்களுக்கு ஏற்றதை நீங்களே முடிவு செய்யுங்கள் என்கிறது. இந்தப் பதில்கள் ஒவ்வொன்றும் ஒரு காலத்தின் மருந்து வசதியிலிருந்து பிறந்தவை. எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு குறையும் உண்டு: இலைக்கு முன் நோயாளி தனியாக உட்கார்ந்திருப்பதாகவே அவை எடுத்துக்கொள்கின்றன.

தமிழ்நாட்டில் இது சிலருடைய சிக்கலாக இருந்த காலம் போய்விட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்த இண்டியாப் ஆய்வின் 2023ஆம் ஆண்டு அறிக்கை, நாட்டில் சுமார் 10 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாகக் கணக்கிட்டது. தமிழ்நாட்டுப் பெரியவர்களில் அது 14.4 விழுக்காடு; புதுச்சேரியில் 26.3 விழுக்காடு. ஏழு பெரியவர்கள் வரிசையாக உட்கார்ந்தால் அவர்களில் ஒருவருக்கு இந்த நோய் இருக்கும் வாய்ப்பு உண்டு. தை, வைகாசி, ஆவணி முகூர்த்தங்கள், வளைகாப்பு, காதுகுத்து, கிடா விருந்து, தீபாவளிப் பலகாரம், கோயில் பிரசாதம், அலுவலகத் தேநீர், இரவு பரோட்டாக் கடை, துக்க வீட்டுச் சாப்பாடு என்று நம் உறவுகள் பெரும்பாலும் உணவின் வழியாகவே நடக்கின்றன. நோயைக் கவனிப்பதும் உறவைக் கவனிப்பதும் ஒரே மணி நேரத்துக்குப் போட்டியிடுகின்றன.

மறுப்பே மருந்தாக இருந்த காலம்

இன்சுலின் வருவதற்கு முன் மருத்துவர் கையில் இருந்த ஒரே கருவி உணவைக் குறைப்பதுதான். அமெரிக்காவின் ஃப்ரெடெரிக் ஆலன் 1910களில் வகுத்த பட்டினி முறை அதன் எல்லை. நோயாளிகள் மாதக்கணக்கில் மருத்துவமனையில் தங்கி, உயிர் ஒட்டிக்கொள்ளும் அளவுக்கு மட்டும் உண்டார்கள். குழந்தைகளுக்கு அது சில மாதங்களையோ ஓரிரு ஆண்டுகளையோ கூட்டித் தந்தது. சமூக வாழ்வு என்ற பேச்சுக்கே அங்கு இடமில்லை, இருந்திருக்கவும் முடியாது.

1922 ஜனவரியில் டொராண்டோவில் லெனர்ட் தாம்சன் என்ற சிறுவனுக்கு முதல் இன்சுலின் ஊசி போடப்பட்டபின் நிலைமை மாறியது. கண்டிப்பு மட்டும் மாறவில்லை. பாஸ்டனில் எலியட் ஜாஸ்லின் இன்சுலின், உணவு, உடற்பயிற்சி மூன்றையும் ஒரே தேரில் பூட்டிய குதிரைகளாகக் காட்டினார். தராசில் நிறுத்துச் சாப்பிடுவதும் சிறுநீரைத் தானே சோதிப்பதும் அவர் பள்ளியின் அன்றாடப் பாடம். நோயாளிக்கு நோயைப் பற்றிக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்பதை மருத்துவத்தில் நிலைநாட்டியவர்களில் அவர் முதன்மையானவர். அந்தப் பெருமையைக் குறைக்க முடியாது. ஆனால் அந்தப் பள்ளி இன்னொன்றையும் விட்டுச் சென்றது. சர்க்கரை அளவு நன்றாக இருந்தால் நல்ல ஆள், கூடினால் கட்டுப்பாடு இல்லாத ஆள் என்ற ஒழுக்க மதிப்பீடு அது. இன்றும் பரிசோதனைச் சீட்டை நீட்டும்போது பலர் குற்றவாளி போலத் தலை குனிவதில் அதன் தடம் இருக்கிறது.

நம் ஊரில் இந்த மறுப்பு முறை பத்தியத்தோடு எளிதாகச் சேர்ந்துகொண்டது. அந்தச் சேர்க்கையில் ஒரு சிக்கல் உண்டு. பழைய பத்தியத்துக்குக் கால எல்லை இருந்தது; ஒரு மண்டலமோ இரண்டு மண்டலமோ முடிந்தால் மறுபத்தியம், பிறகு வழக்கமான சாப்பாடு. பத்தியம் இருப்பவரை யாரும் வற்புறுத்துவதில்லை, ஏனென்றால் அது முடியும் என்று எல்லோருக்கும் தெரியும். முடிவே இல்லாத நோய்க்கு அதே சட்டத்தைப் பூட்டும்போது வீட்டாரின் பொறுமையும் நோயாளியின் பொறுமையும் ஆறு மாதத்தில் தேய்ந்துவிடுகின்றன. ‘ஒருநாள் சாப்பிட்டா ஒண்ணும் ஆகாது’ என்ற பேச்சு அங்கேதான் தொடங்குகிறது.

மறுப்பு முறையின் இக்கால வடிவம் பிரிட்டனில் நடந்த டைரெக்ட் ஆய்வு. மூன்று முதல் ஐந்து மாதம் வழக்கமான சாப்பாட்டை முழுவதும் நிறுத்தி, நாளுக்குச் சுமார் 850 கலோரி அளவில் திரவ உணவு கொடுத்தார்கள். ஓராண்டில் 46 விழுக்காட்டினருக்கு மருந்தின்றியே சர்க்கரை நீரிழிவு அளவுக்குக் கீழே இறங்கியது. இரண்டாம் ஆண்டில் அது 36 விழுக்காடாகக் குறைந்தது. நோயைப் பின்வாங்கச் செய்ய முடியும் என்று காட்டியது பெரிய சாதனை. ஆனால் பலன் குறையத் தொடங்கியது, அவர்கள் மீண்டும் எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிடத் தொடங்கிய பிறகுதான் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

சாப்பாட்டுக்கு ஏற்ப ஊசி

எதிர்க்குரலும் கிட்டத்தட்ட அதே வயதுடையது. ஜெர்மனியின் அன்றைய ப்ரெஸ்லாவில் குழந்தை மருத்துவர் கார்ல் ஸ்டோல்டெ, குழந்தைகள் மற்றக் குழந்தைகளைப் போலச் சாப்பிடட்டும், இன்சுலினை அதற்கேற்ப மாற்றுவோம் என்று 1920களின் இறுதியில் வாதிட்டார். நியூயார்க்கில் எட்வர்ட் டால்ஸ்டாயும் பின்னர் இதே திசையில் எழுதினார். அன்று அவர்களுக்குக் கடும் எதிர்ப்பு. வீட்டிலேயே இரத்தச் சர்க்கரையை அளக்கும் கருவி இல்லாத காலத்தில் அந்த எதிர்ப்புக்கு நியாயமும் இருந்தது.

1993இல் வெளிவந்த அமெரிக்க டிசிசிடி ஆய்வு இரு தரப்புக்கும் ஆயுதம் தந்தது. முதல் வகை நீரிழிவில் சர்க்கரையை இறுக்கமாகக் கட்டுப்படுத்தினால் விழித்திரைப் பாதிப்பு தோன்றும் வாய்ப்பு 76 விழுக்காடு குறைகிறது. கூடவே ஆபத்தான தாழ்சர்க்கரை சுமார் மூன்று மடங்கு கூடுகிறது. கட்டுப்பாடு தேவை என்பது உறுதியானது. அதன் விலையும் தெரிந்தது. ஜெர்மனியின் டுசல்டார்ஃபில் மைக்கேல் பெர்கர் குழுவினர் உருவாக்கிய பயிற்சி முறை இந்த முடிச்சை அவிழ்க்க முயன்றது. அதன் பிரிட்டன் வடிவமான டாஃப்னே 2002இல் முடிவுகளை வெளியிட்டது. மாவுச்சத்தைக் கணக்கிட்டு ஊசி அளவை மாற்றக் கற்றவர்களுக்கு ஆறு மாதத்தில் எச்பிஏ1சி என்ற சராசரிச் சர்க்கரை அளவீடு சுமார் 1 விழுக்காட்டுப் புள்ளி இறங்கியது. விரும்பியதைச் சாப்பிடும் சுதந்திரம் கூடியதாக அவர்கள் சொன்னார்கள். கடுமையான தாழ்சர்க்கரை கூடவில்லை. உறவும் நோயும் ஒரே மேசையில் உட்கார முடியும் என்பதற்கு நம்மிடம் உள்ள வலுவான சான்று இதுவே.

ஆனால் அதை அப்படியே நம் பந்திக்குக் கொண்டுவர முடியாது. முதல் காரணம், இங்கு மிகப் பெரும்பாலோருக்கு இருப்பது இரண்டாம் வகை. அவர்களில் பலர் மாத்திரையில் இருப்பவர்கள். மாத்திரையை இலையைப் பார்த்துக் கூட்டிக் குறைக்க முடியாது. இரண்டாவது, ரொட்டித் துண்டை எண்ணலாம். சாம்பாருக்கு ஒருமுறை, ரசத்துக்கு ஒருமுறை, மோருக்கு ஒருமுறை என்று பரிமாறுபவரின் கை அளவில் விழும் சோற்றை எண்ணுவது கடினம். மூன்றாவது, ஒவ்வொரு வேளையும் சோதிக்கும் ஸ்ட்ரிப்பின் செலவு.

இதற்கிடையே நடந்த ஒரு மாற்றம் நம் வீடுகளுக்கு இன்னும் சரியாக வந்து சேரவில்லை. 1994இலேயே அமெரிக்க நீரிழிவுச் சங்கம் வெள்ளைச் சர்க்கரைக்கு மட்டும் விதித்திருந்த தடையை விலக்கி, மொத்த மாவுச்சத்தைக் கவனியுங்கள் என்றது. இங்கு இன்றும் காப்பியில் சர்க்கரையை நிறுத்திவிட்டு மூன்று முறை சோறு வாங்குவது சுயக் கட்டுப்பாடாக எண்ணப்படுகிறது. விருந்தில் ஜாங்கிரியை ஒதுக்கியதற்காகப் பாராட்டு கிடைக்கிறது. அடுத்து வரும் சாதத்தின் மேல் யார் கண்ணும் படுவதில்லை.

கடிகாரம் என்ற மறக்கப்பட்ட ஆபத்து

விருந்து என்றதும் எல்லோரும் இனிப்பை நினைக்கிறார்கள். நேரத்தைப் பற்றிய பேச்சு குறைவு. மருத்துவ நோக்கில் இரண்டாவது பல நேரங்களில் உடனடி ஆபத்து.

கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகள் கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கவைப்பவை. விலை மலிவு, பரவலான பயன்பாடு. விழுங்கிவிட்டால் சாப்பாடு வந்ததா வரவில்லையா என்று பார்க்காமல் அவை வேலையைத் தொடங்கிவிடும். காலையும் இரவும் போடும் கலப்பு இன்சுலினும் அப்படித்தான். இனி ஒரு மாலை வரவேற்பை எண்ணிப் பாருங்கள். ஒருவர் வீட்டிலேயே ஏழரைக்கு மாத்திரையைப் போட்டுக்கொண்டு கிளம்புகிறார். மேடையில் நின்று வாழ்த்திப் புகைப்படம் எடுக்க நீண்ட வரிசை. முதல் பந்தி நிரம்பிவிட்டது. இரண்டாம் பந்தி ஒன்பதரைக்கு. வியர்வை, நடுக்கம், படபடப்பு எல்லாம் மண்டபத்தின் புழுக்கம் என்று தள்ளப்படுகின்றன. அவருக்கு அந்த நொடியில் தேவை, எல்லோரும் அவருக்குக் கூடாது என்று சொல்லும் அதே சர்க்கரை. மது சேர்ந்தால் இன்னும் மோசம்: கல்லீரல் குளுக்கோஸை உற்பத்தி செய்து வெளியிடுவதை மது தடுக்கிறது, தாழ்சர்க்கரை பல மணி நேரம் கழித்து, மறுநாள் விடியலில்கூட வரலாம், அதன் அறிகுறிகள் போதையைப் போலவே இருப்பதால் அருகில் இருப்பவர் தூங்கவிட்டுவிடுகிறார். மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவருக்குத் தாழ்சர்க்கரை அரிது. ஆக, எந்த மருந்து என்பதைப் பொறுத்து விருந்தின் ஆபத்தே வேறாகிறது. பொதுவான உணவு அட்டை ஒன்றை எல்லோருக்கும் நீட்டும் வழக்கத்தை இந்த ஒரு காரணத்துக்காகவே கைவிடலாம் என்பது என் கருத்து.

நேரச் சிக்கலை மருத்துவம் முறையாக எடுத்துக்கொண்ட ஓர் இடம் உண்டு: ரமலான். 13 நாடுகளில் நடந்து 2004இல் வெளிவந்த எபிடியர் ஆய்வில், முதல் வகை நீரிழிவு உள்ளவர்களில் சுமார் 43 விழுக்காட்டினரும் இரண்டாம் வகையினரில் சுமார் 79 விழுக்காட்டினரும் அந்த மாதத்தில் குறைந்தது 15 நாள் நோன்பு வைத்தார்கள். கடும் தாழ்சர்க்கரை முதல் வகையில் 4.7 மடங்கும் இரண்டாம் வகையில் 7.5 மடங்கும் கூடியிருந்தது. நோன்பு வைக்காதீர்கள் என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தால் மக்கள் மருத்துவரிடம் சொல்லாமலேயே வைப்பார்கள் என்று அந்த எண்கள் காட்டின. அதற்குப்பின் பன்னாட்டு நீரிழிவுக் கூட்டமைப்பும் ரமலான் நீரிழிவுக் கூட்டணியும் 2016இல் வழிகாட்டி வெளியிட்டு 2021இல் திருத்தின. ஒவ்வொருவரின் ஆபத்தையும் மதிப்பெண்ணாகக் கணிப்பது, காலை மாத்திரையை இஃப்தாருக்கு மாற்றுவது, சஹர் நேர ஊசியைக் குறைப்பது, விரலில் குத்திச் சோதிப்பதால் நோன்பு முறியாது என்று தெளிவுபடுத்துவது, இரத்தச் சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழே போனால் நோன்பை விடுவது என எல்லாம் அதில் உண்டு. மார்க்க அறிஞர்களும் மருத்துவர்களும் ஒன்றாக உட்கார்ந்து செய்த வேலை அது.

மற்ற சமூக நாட்காட்டிகளுக்கு இந்தத் தரத்தில் ஒரு முயற்சி வளரவில்லை. ஏகாதசி, சஷ்டி விரதங்களுக்கும் முகூர்த்த மாதங்களுக்கும் ஐப்பசிப் பலகாரங்களுக்கும் நம்மிடம் இருப்பவை பெரும்பாலும் பண்டிகைக்கு முந்தைய வாரம் நாளிதழ்களில் வரும் குறிப்புகள். ரமலான் அனுபவத்தில் நாம் கற்கத்தக்கது ஒன்று உண்டு. மக்கள் விட்டுக்கொடுக்காத ஒன்றை முதலில் ஏற்றுக்கொண்டு, அதன்பின் மருந்தை மாற்ற முடியுமா என்று அங்கே கேட்டார்கள்.

‘வேண்டாம்’ என்பதன் விலை

சமூகவியலாளர்களும் உளவியலாளர்களும் தொடங்கிய இன்னொரு வரிசை ஆய்வுகள், மறுப்பதற்கு மன உறுதி மட்டும் போதாது என்கின்றன. எடின்பரோவில் வாழும் இந்திய, பாகிஸ்தானிய நீரிழிவாளர்களிடம் ஜூலியா லாட்டன் குழுவினர் நடத்தி 2008இல் வெளியிட்ட நேர்காணல் ஆய்வு இதில் முக்கியமானது. எது கூடாது என்பது அவர்களுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. தெரிந்தும் அவர்கள் மாறாததற்குக் காரணம், படைக்கப்பட்ட உணவை மறுப்பது படைத்தவரை மறுப்பதாகிவிடும் என்பதும், தனியாக ஒரு சமையல் கேட்டால் குடும்பத்திலிருந்து தன்னையே பிரித்துக்கொள்வதாகும் என்பதும்தான். அறிவைக் கூட்டினால் நடத்தை மாறும் என்ற நம்பிக்கையில் நடக்கும் விழிப்புணர்வு முகாம்கள் இந்தச் சுவரில்தான் முட்டுகின்றன.

வீட்டார் துணை நின்றால் போதும் என்பது அடுத்த பதில். அதுவும் எளிதாக இல்லை. வில்லியம் பொலான்ஸ்கியும் உடன் பணியாற்றியவர்களும் 1995இல் நீரிழிவு தரும் மன உளைச்சலை அளக்கும் கேள்வித்தாளை உருவாக்கியபோது, உறவினர் புரிந்துகொள்ளாததும் அதில் ஒரு கூறாக இடம்பெற்றது. அமெரிக்காவின் நாஷ்வில்லில் மேபெர்ரியும் ஆஸ்போர்னும் 2012இல் வெளியிட்ட ஆய்வில் ஓர் எதிர்பாராத உண்மை உண்டு: நோயைப் பற்றி அதிகம் அறிந்த குடும்பத்தார் உதவியும் அதிகம் செய்தார்கள், தொந்தரவும் அதிகம் செய்தார்கள். அந்தத் தொந்தரவுக்கு அதிகம் ஆளானவர்கள் மருந்தைச் சரியாக எடுக்கவில்லை. இலைக்கு எதிரே நின்று, ‘அவருக்கு சுகர், அவருக்கு வைக்காதீங்க’ என்று நாலு பேர் கேட்கச் சொல்லும் மகளின் அன்பில் குறையில்லை. ஆனால் அடுத்த முறை அவர் மகள் இல்லாத இடத்தில் சாப்பிடுவார்.

இந்தச் சுமை எல்லோர் மேலும் ஒரே அளவில் விழுவதில்லை. வீட்டில் சமைத்து, எல்லோருக்கும் பரிமாறி, கடைசியில் மீந்ததைச் சாப்பிடும் பெண்ணுக்குக் குறித்த நேரத்தில் சாப்பிடுவது என்ற அறிவுரையே பொருந்தாது. விருந்தாளி வந்த நாளில் அவர் பட்டினி நீளும். மாத்திரை மட்டும் நேரத்துக்கு உள்ளே போயிருக்கும். கணவருக்கு நோய் வந்தால் வீட்டுச் சமையல் மாறுகிறது. மனைவிக்கு வந்தால் அவர் தட்டு மட்டும் மாறுகிறது அல்லது அதுவும் மாறுவதில்லை. முதல் வகை நீரிழிவு உள்ள இளம்பெண்களுக்கு வரன் பேச்சின் நிழலும் உண்டு. ஊசியை மண்டபக் கழிப்பறையில் ஒளிந்து போடுவதும், ஒளிக்க இடமில்லாதபோது போடாமலே விடுவதும் அந்த நிழலின் விளைவுகள். இந்தப் பகுதியைப் பற்றிய ஆராய்ச்சி நோயின் பரவலைப் பற்றிய ஆராய்ச்சியோடு ஒப்பிட மிகவும் மெலிந்திருப்பது வருத்தத்துக்குரியது.

தேர்வா, பராமரிப்பா

1990களின் தொடக்கத்தில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ராபர்ட் ஆண்டர்சனும் மார்த்தா ஃபனெலும் முன்வைத்த அதிகாரமளித்தல் கொள்கை, மருத்துவர் கட்டளையிடும் முறையை மாற்ற விரும்பியது. நாள் முழுவதும் நோயோடு இருப்பவர் நோயாளிதான், முடிவுகளும் அவருடையவை, மருத்துவர் ஆலோசகர். ஜாஸ்லின் மரபின் குற்ற உணர்வை இது ஓரளவு இறக்கிவைத்தது. ஆனால் நெதர்லாந்தின் அன்னெமரி மோல் 2008இல் வெளியிட்ட நூலில் இதற்குக் கூர்மையான மறுப்பு சொன்னார்: முடிவு உங்களுடையது என்று சொன்னவுடன் தோல்வியும் உங்களுடையதாகிவிடுகிறது. அவர் முன்வைத்த பராமரிப்பு என்ற பார்வையில் மருந்து, கருவி, குடும்பம், மருத்துவர் எல்லாம் சேர்ந்து, தொடர்ந்து சரிசெய்துகொண்டே போகும் வேலை இது. 2009இல் மே, மொன்டோரி, மெயர் ஆகிய மூவர் இன்னொரு கோணத்தைச் சேர்த்தார்கள். சிகிச்சையே ஒரு வேலைப்பளு. வாழ்க்கையை மிகக் குறைவாகக் குலைக்கும் சிகிச்சையைத் தேடுவது மருத்துவரின் கடமை என்றார்கள்.

பின்னைய இரண்டு பார்வைகளும் எனக்கு உண்மைக்கு நெருக்கமாகப் படுகின்றன. ஒன்பதரை மணிப் பந்திக்கு ஏற்ற மருந்தை எழுதுவது மருத்துவர் செய்யக்கூடியது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் என்ற தமிழ்நாடு அரசுத் திட்டம் மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுவருகிறது. அதே கையோடு, மாத்திரையைச் சாப்பாட்டுக்கு எவ்வளவு முன்னால் எடுக்கிறீர்கள், வெளியே சாப்பிடும் நாளில் என்ன செய்கிறீர்கள் என்று கேட்கவும் முடியும். இருந்தும் பராமரிப்புப் பார்வைக்கு ஒரு பலவீனம் உண்டு. நெதர்லாந்தின் நிதானமான ஆலோசனை அறையைப் பார்த்து எழுதப்பட்டது அது. நெரிசல் மிகுந்த புறநோயாளிப் பிரிவில், ஒருவருக்குச் சில நிமிடம் கிடைப்பதே அரிதான இடத்தில், யார் தொடர்ந்து சரிசெய்துகொண்டிருப்பது என்பதற்கு அது பதில் சொல்வதில்லை.

புதிய கருவிகள்

மேற்கையில் ஒட்டும் தொடர் குளுக்கோஸ் உணரி, விவாதத்தின் அலகையே மாற்றியிருக்கிறது. நாளின் 70 விழுக்காட்டு நேரத்துக்கு மேல் சர்க்கரை 70 முதல் 180 மில்லிகிராமுக்குள் இருந்தால் போதும் என்பது 2019இல் பன்னாட்டு வல்லுநர்கள் பெரும்பாலான நோயாளிகளுக்குப் பரிந்துரைத்த இலக்கு. ஒரு விருந்தைத் தனியாக நிறுத்திக் குற்றம் சாட்டாமல் முழு வாரத்தையும் பார்க்க இது வழி தருகிறது. விலைதான் இன்னும் தடை. மறைத்துவந்த நோய் கையில் தெரியும்படி ஆவது சிலருக்கு இரண்டாவது தடை.

சாப்பிடும் வரிசை பற்றிய ஆய்வுகளும் கவனிக்கத்தக்கவை. 2015இல் நியூயார்க்கில் 11 பேரிடம் நடந்த சிறிய சோதனை ஒன்றில், காய்கறியையும் புரதத்தையும் முதலில் உண்டு மாவுச்சத்தைக் கடைசியில் உண்டபோது சாப்பாட்டுக்குப் பிந்தைய சர்க்கரை கணிசமாகக் குறைந்தது. நம் இலையில் இனிப்பு முதலில் விழுந்தாலும், கூட்டும் பொரியலும் அவியலும் சோறு வருவதற்கு முன்பே இலையில் இருக்கின்றன. யாரையும் மறுக்காமல், யாருக்கும் தெரியாமல் செய்யக்கூடிய மாற்றம் என்பதால் இது சிறியதானாலும் மதிப்புள்ளது. 2025இல் இந்தியச் சந்தையில் டிர்செபடைடு ஊசியும் எடைக்குறைப்புக்கான செமக்ளூடைடு ஊசியும் வந்தபின் சிக்கல் தலைகீழாகவும் வரத் தொடங்கியிருக்கிறது: பசியே அடங்கிப்போனவர் நாலு வாய்க்குமேல் சாப்பிட முடியாமல் இலையை மூட, விருந்து வைத்தவர் சங்கடப்படுகிறார்.

எது தீர்ந்தது, எது தீரவில்லை

விருந்தை அடியோடு விலக்க வேண்டும் என்ற நிலைப்பாட்டுக்கு இன்று மருத்துவ ஆதாரம் வலுவாக இல்லை. எப்போதாவது ஒரு நாள் என்ற சலுகைக்கும் நிபந்தனையற்ற ஆதரவு இல்லை. இண்டியாப் தரவுகளின்படி இந்தியர்களின் அன்றாடக் கலோரியில் சுமார் 62 விழுக்காடு மாவுச்சத்திலிருந்தே வருகிறது. முகூர்த்த மாதத்தில் வாரத்துக்கு மூன்று அழைப்பிதழ் வரும் குடும்பத்தில் ‘ஒரு நாள்’ என்பதற்குப் பொருள் கிடையாது. விருந்துகளின் எண்ணிக்கை எந்த இடத்தில் நீண்டகாலப் பாதிப்பாக மாறுகிறது என்பதை நேரடியாக அளந்த ஆய்வுகள் தேவைப்படுகின்றன. சோற்றின் அளவையும் மாத்திரையின் நேரத்தையும் கவனித்தால் பெரும்பகுதி ஆபத்து குறையும் என்று இப்போதுள்ள சான்றுகளைக் கொண்டு எச்சரிக்கையோடு சொல்லலாம்.

இன்னும் தொடப்படாமல் இருப்பது விருந்து வைப்பவரின் பக்கம். சென்னையில் ஏ. ராமச்சந்திரன் குழு நடத்தி 2006இல் வெளியிட்ட இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், வாழ்க்கைமுறை மாற்ற ஆலோசனை மட்டும் மூன்று ஆண்டுகளில் நீரிழிவு வரும் ஆபத்தை 28.5 விழுக்காடு குறைத்தது. அந்த ஆலோசனை தனி மனிதர்களுக்குத் தரப்பட்டது. அதே அக்கறையோடு திருமண மண்டபங்களிடமும் சமையல் ஒப்பந்தக்காரர்களிடமும் சென்று, முதல் பந்தியில் மாத்திரை போட்டவர்களுக்குச் சில இடம் ஒதுக்குவது, இனிப்பைக் கேட்டபின் வைப்பது, சோற்றுக்குச் சிறிய கரண்டி எடுப்பது போன்ற மாற்றங்களைச் சோதித்துப் பார்க்கலாம். அவை விருந்தினரின் சர்க்கரையைக் குறைக்குமா, உபசரிப்பில் குறை வைத்துவிட்டார்கள் என்ற பேச்சை எழுப்புமா, எழுப்பினால் அது எத்தனை முகூர்த்தங்களில் அடங்கும் என்பவை அளந்து பார்க்கக்கூடிய கேள்விகள்தாம்.